சீனியர் அறையில் ஒரு நாற்காலி



இந்த மாதப் பக்கத்தை, மதுரையில் அலுவலகம் வைத்து ஜூனியர்களைச் சேர்த்துக்கொள்ளும் சீனியர் வழக்கறிஞர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, கறுப்புக் கோட்டுப் போட ஆசைப்படும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒன்று இருக்கலாம்.

2025ஆம் ஆண்டில், மூன்று மாத இடைவெளிகூட இல்லாமல், உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. முதலாவது மார்ச் 3 அன்று. பார்வையற்றவர்கள் நீதிபதிப் பணிக்கு வரவே முடியாதபடி மத்தியப் பிரதேசத்தில் ஒரு விதி இருந்தது. பார்வையற்ற பிள்ளையைப் பெற்ற ஒரு தாய் அதை எதிர்த்துத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு விதியை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போன மகாதேவன். உடற்குறை ஒன்றை மட்டும் காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து ஒதுக்க முடியாது என்பது அதன் சாரம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி கட்-ஆஃப் மதிப்பெண் வைக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

இரண்டாவது தீர்ப்பு மே 20 அன்று வந்தது. சட்டம் படித்து முடித்த கையோடு சிவில் நீதிபதி தேர்வு எழுத முடியாது. குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்றது அது. அனுபவச் சான்றை நீதிமன்றத்தின் தலைமை நீதித்துறை அலுவலர் தர வேண்டும். அல்லது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் தந்து, அந்த அலுவலர் அதை உறுதி செய்ய வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். நீ நீதிபதி ஆகலாம் என்று மார்ச் மாதம் சொன்னது. மூன்று வருஷம் வக்கீலாக இருந்துவிட்டு வா என்று மே மாதம் சொன்னது. அந்த மூன்று வருஷத்தை ஒரு புது வக்கீல் எங்கே கழிக்க முடியும்? ஒரு சீனியரின் அலுவலகத்தில்தான். ஆக, நாட்டின் உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமை, மதுரை கே.கே.நகரிலோ ஒத்தக்கடையிலோ ஒரு வக்கீல் ‘நாளையிலிருந்து வா’ என்று சொல்வாரா என்பதில் வந்து நிற்கிறது. நான் இங்கே சொல்ல வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. முழுமையாகப் பார்வையற்ற டி. சக்கரவர்த்தி 2009இல் நம் மாநிலத்தில் நீதிபதியாகப் பொறுப்பேற்றார். அது பெருமைக்குரிய நாள். ஆனால் ஐந்தாண்டு கழித்து, 2014இல் சிவில் நீதிபதிப் பணிக்கு அறிவிப்பு வந்தபோது, பார்வைக் குறைபாடும் செவிக் குறைபாடும் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். 70 சதவீதப் பார்வைக் குறைபாடுள்ள வி. சுரேந்திர மோகன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 ஜனவரி 22 அன்று தோற்றார். நீதிபதி வேலைக்கு ஓரளவு பார்வையும் கேட்கும் திறனும் பேச்சும் வேண்டும் என்ற வாதம் அன்று ஏற்கப்பட்டது.

இரண்டே ஆண்டில் காற்று மாறியது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறைபாடு உள்ள விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வில் தனக்கு எழுத்தர் வேண்டும் என்று கேட்ட வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் விரிவான தீர்ப்பு எழுதினார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்த பிறகு, சுரேந்திர மோகன் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்று அதில் தெளிவாகச் சொன்னார். தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பது சலுகை ஆகாது, அது சமத்துவத்தின் ஒரு பகுதி என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்.

இந்த இடத்தில், வக்கீல்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை நினைவூட்ட ஆசைப்படுகிறேன். நம் மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் தினமும் நடப்பவை மோட்டார் வாகன விபத்து வழக்குகள். காலை இழந்தவருக்கு, கண்ணை இழந்தவருக்கு எவ்வளவு இழப்பீடு என்று அங்கே கணக்குப் போடுகிறார்கள். டாக்டர் சான்றில் இருக்கும் ஊன சதவீதத்தை அப்படியே வருமான இழப்பு சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மனிதர் என்ன வேலை செய்தார், இந்தக் குறையோடு அந்த வேலையை எவ்வளவு செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்று ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து வழக்கு நடத்தும் ஒவ்வொரு வக்கீலும் அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடியிருப்பார். சான்றிதழில் உள்ள எண் வேறு, மனிதரின் வேலைத்திறன் வேறு என்று கட்சிக்காரருக்காக நாள்தோறும் சொல்கிறீர்கள். வாசலில் வந்து நிற்கும் ஜூனியர் விஷயத்திலும் அதே அளவுகோலை எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கோரிக்கையை வைப்பதற்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. தானே பார்வையை இழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம், அழகர்கோவில் சாலைப் பக்கம் சுந்தரராஜன்பட்டியில் இருக்கிறது. அதன் பள்ளியில் தென்மாவட்டப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஊருக்குள் அரசு சட்டக் கல்லூரி 1974இலிருந்து இயங்குகிறது. யானைமலையைப் பார்த்தபடி, மேலூர் சாலையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலை 24 முதல் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து கரூர் வரைக்குமான வழக்குகள் அங்கே வருகின்றன. பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் மூன்றும் ஆட்டோவில் போய் வரும் தூரம்தான். கல்லூரிக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில்தான் பல பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். பட்டம் வாங்கி, என்ரோல் செய்து, கோட்டும் தைத்துவிட்டு, ‘பார்க்கலாம், சொல்லி அனுப்புகிறேன்’ என்ற பதிலோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களை நான் அறிவேன். கடைசியில் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறார்கள். வங்கி வேலை நல்ல வேலைதான். ஆனால் விரும்பியா போனார்கள்?

சேர்த்துக்கொள்ளத் தயங்கும் சீனியர்களில் பெரும்பாலோர் கெட்ட மனதோடு தயங்குவதில்லை. ‘இவனுக்கு நான் என்ன வேலை கொடுப்பது?’ என்பதுதான் அவர்களுடைய உண்மையான கேள்வி. அதனால் அந்த வேலையையே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

ஒரு சொத்து வழக்கின் கேஸ் கட்டைப் பிரியுங்கள். மேலே வக்காலத்து. அடுத்து தட்டச்சு செய்த பிராது. பிறகு எதிர்வுரை, பத்திர நகல்கள், கையால் எழுதிய பழைய கிரயப் பத்திரத்தின் மங்கலான ஜெராக்ஸ், வில்லங்கச் சான்று, பட்டா. பார்வையற்ற ஜூனியர் இதைப் படிப்பது கணினியின் திரைவாசிப்பான் வழியாக. என்விடிஏ என்ற மென்பொருள் இதைச் செய்கிறது, அது இலவசம். 2006இல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரனும் பார்வையற்றவர். பழகிய காதுக்காரர்கள் அதை ஓடவிடும் வேகத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவர்களோ அதே வேகத்தில் ஒரு நீண்ட தீர்ப்பைக் கேட்டு, எந்தப் பத்தியில் எது இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் குரல் பேச வேண்டுமானால் கோப்பு சரியாக இருக்க வேண்டும். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு மறுபடி ஸ்கேன் செய்த மனு வெறும் படம்; திரைவாசிப்பான் அதன் முன் வாயடைத்து நிற்கும். தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. கீழமை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள டைப்பிங் சென்டர்கள் பலவற்றில் இன்றைக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மா. கணினிக்குள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். இருபது பக்கப் பிராது முழுவதும் இப்படியே ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால், எப்பேர்ப்பட்ட மூளைக்காரரும் என்ன செய்வார்? அதே பிராதை யூனிகோடில் அடித்திருந்தால் பத்து நிமிஷத்தில் கேட்டு முடித்திருப்பார்.

இதைச் சரிசெய்ய அலுவலகத்தை இடித்துக் கட்ட வேண்டாம். ‘இனிமேல் யூனிகோடிலேயே அடியப்பா, அச்செடுக்கும் முன் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடு’ என்று டைப்பிங் சென்டரில் சீனியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இப்போது தமிழையும் ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. கையெழுத்துப் பத்திரத்தை மட்டும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வக்கீல் குமாஸ்தா காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதுவும் முடியும்.

நீதிமன்ற அறைக்குள் கற்றுக்கொள்ள வேண்டியவை வேறு. ஜூனியராகச் சேருகிற யாருக்கும் புத்தகத்தில் இல்லாத நூறு விஷயங்களைச் சீனியர்தான் சொல்லித் தருகிறார்: எப்போது எழுந்திருப்பது, எப்போது நிறுத்துவது, எந்த நீதிபதியிடம் எதை முதலில் சொல்வது, பெஞ்ச் கிளார்க்கிடம் எப்படிப் பேசுவது. பார்வையுள்ள ஜூனியர் இதில் பாதியைப் பார்த்தே பழகிக்கொள்கிறார். பார்க்க முடியாதவருக்கு வாயால் சொல்ல வேண்டும். கோர்ட் ஹால் காலியாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை கூட்டிப் போய், மேடை எங்கே, சாட்சிக் கூண்டு எங்கே, எதிர்த்தரப்பு வக்கீல் எந்தப் பக்கம் நிற்பார் என்று நடந்து காட்ட வேண்டும். குறுக்கு விசாரணையில் சாட்சியிடம் ஆவணத்தைக் காட்டும்போது இன்னொரு ஜூனியர் பக்கத்தில் நிற்க வேண்டும். கேள்வியைத் தொடுக்க வேண்டியவர் பார்வையற்ற ஜூனியரேதான். அந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

காது கேளாதவர்களுக்கும் இந்தத் தொழிலில் இடம் உண்டென்று 2023 செப்டம்பரில் நாடு பார்த்தது. காது கேளாத இளம் வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு காணொலி வழியாக உச்ச நீதிமன்றத்தில் முன்னிலையானார். அந்த நாள் தானாக வந்துவிடவில்லை. வழக்கறிஞர் சஞ்சிதா ஐன் அவரைத் தன் வழக்கில் சேர்த்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரை அனுமதிக்கும்படி தலைமை நீதிபதியிடம் கேட்டு வாங்கினார். அடுத்த சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் தானே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. செய்திகளில் எல்லோரும் சாராவைப் பற்றிப் பேசினார்கள், அது சரிதான். நான் சஞ்சிதாவைப் பற்றியும் பேச விரும்புகிறேன். மதுரை மாவட்ட நீதிமன்றத்திலோ திருமங்கலத்திலோ மேலூரிலோ அப்படிக் கேட்டு வாங்கித் தர ஒருவர் இருக்கிறாரா?

சட்டக் கல்விக்குள் நுழைவதற்கே வழிகாட்டி வேண்டும் என்பதை முன்பே கண்டுகொண்டவர் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். அவர் 2010இல் தொடங்கிய இடியா அமைப்பு, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, தேசிய சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்து, படிக்கும் ஐந்தாண்டும் கூடவே நின்றது. அதில் பார்வையற்ற பிள்ளைகளும் நிறைய. பஷீர் 2019இல் மறைந்துவிட்டார். அவர் தொடங்கிய வேலை நடக்கிறது.

மாற்றுத்திறனாளி வழக்கறிஞர்களில் முன்னோடிகளும் நமக்கு உண்டு. பார்வையற்ற எஸ்.கே. ருங்டா டெல்லி உயர் நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் தகுதி பெற்றவர். மாற்றுத்திறனாளிகளின் வேலை இடஒதுக்கீடு குறித்த 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர் பாடுபட்ட வழக்கில் வந்தது. பார்வையற்றவரான கல்கத்தாவின் சாதன் குப்தா 1986இல் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார். இந்திய வம்சாவளியினரான ஜாக் யாகூப், தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தில் 1998 முதல் 2013 வரை நீதிபதியாக இருந்தார். ஒன்றரை வயதுகூட நிறையாதபோது பார்வையை இழந்தவர் அவர். இந்தப் பெயர்களைச் சொல்லிப் பிள்ளைகளை உற்சாகப்படுத்துவது நல்லது. அதைவிட நல்லது, மாற்றுத்திறனாளி வக்கீல் ஒருவரோடு மாதத்துக்கு ஒரு மணி நேரம் போனில் பேச வைப்பது. கட்சிக்காரர் முதல்முறை முகம் சுளிக்கும்போது என்ன சொல்வது என்பதை, அதைக் கடந்து வந்தவரால்தான் சொல்லித் தர முடியும். நல்ல மனமுள்ள சீனியருக்குக்கூட அது தெரியாது.

கட்சிக்காரர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘தம்பி, சீனியர் வரலையா?’ என்ற கேள்வியை எல்லா ஜூனியரும் கேட்டிருப்பார்கள். மாற்றுத்திறனாளி ஜூனியர் அதைப் பல வருஷம் கழித்தும் கேட்டுக்கொண்டிருப்பார். இதற்கு மருந்து சீனியரிடம் மட்டுமே இருக்கிறது. கட்சிக்காரரை எதிரில் உட்கார வைத்து, ‘உங்க கேஸை இவர்தான் நடத்தப்போறார். எதுவா இருந்தாலும் இவர்ட்டயே பேசுங்க’ என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு எழுந்து போக வேண்டும்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்துக்கொண்ட பிறகு, பாவம் என்று எண்ணி வாய்தா வாங்கும் வேலையையும் போன் எடுக்கும் வேலையையும் மட்டுமே கொடுப்பது அந்தப் பிள்ளையின் ஆண்டுகளைத் தின்றுவிடும். மாற்றுத்திறனாளி வக்கீல் என்றால் மாற்றுத்திறனாளி வழக்குகளைத்தான் நடத்த வேண்டும் என்பதும் கிடையாது. பாகப்பிரிவினை, ஜாமீன், விவாகரத்து, செக் மோசடி எல்லாம் அவருக்கும் வரட்டும். தப்பு செய்தால் மற்ற ஜூனியரைத் திட்டுகிற மாதிரியே திட்டுங்கள்.

பண விஷயத்தையும் பேசியாக வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நடைமுறையில் ஜூனியர்களுக்குக் கிடைப்பது என்ன என்று வக்கீல்களுக்கே தெரியும். சக்கர நாற்காலியில் வரும் ஒரு ஜூனியர் பெரும்பாலான டவுன் பஸ்களில் ஏற முடியாது. மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளைக்கு ஆட்டோ. மதியம் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஆட்டோ. சாயங்காலம் வீட்டுக்கு ஆட்டோ. கொடுக்கும் காசு ஆட்டோவுக்கே போய்விட்டால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? காணொலி விசாரணை இருக்கும் நாளில் வீட்டிலிருந்தே முன்னிலையாகச் சொல்வது ஒரு வழி. போக்குவரத்துச் செலவை அலுவலகக் கணக்கில் எழுதுவது இன்னொரு வழி. சாட்சிக் கூண்டுக்கும் படி, கோர்ட் ஹாலுக்கும் படி என்று கட்டி வைத்திருக்கிறோமே, அதைச் சரிசெய்வது அரசின் கடமை. அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பார் சங்கங்கள் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தானே பழகி, கண் மருத்துவரானார். 1956இல் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், இப்போதைய ராஜாஜி மருத்துவமனையில், கண் பிரிவின் தலைவராக வந்தார். ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நம் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர் அவர் ஆஸ்பத்திரியில் பார்வை பெற்று வந்தார்கள்! கோணிய விரல்களை நம்பிக் கண்ணைக் கொடுத்த ஊர் இது. பார்க்காத கண்ணை நம்பிக் கேஸைக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதியிருக்கிறார். மகளுக்குப் பார்வை மிகக் குறைவு. பிளஸ் டூ படிக்கிறாள். சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். ‘படிக்க வைத்துவிடலாம். அப்புறம் யார் இவளைச் சேர்த்துக்கொள்வார்கள்?’ என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் படிக்க வையுங்கள். நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். 2016 சட்டப்படி அரசுக் கல்லூரிகளில் 5 சதவீத இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். தேர்வில் எழுத்தர் கேட்கலாம். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரமும் உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே திரைவாசிப்பானில் பழகட்டும். கண்ணுக்குச் சிரமம் குறையும், கல்லூரிக்குள் நுழையும்போது வேகம் கைவந்திருக்கும். பட்டம் வாங்கிய பிறகு என்ரோல்மென்ட் செலவுக்குப் பயப்படாதீர்கள். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கு 125 ரூபாய்க்கு மேலும் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் இன்று ஒரு பெயர் இல்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம். மதுரையிலோ சுற்று வட்டாரத்திலோ மாற்றுத்திறனாளி ஜூனியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் சீனியர்கள் நம் இதழின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மாணவர்களை விடுமுறைப் பயிற்சிக்கு மட்டும் சேர்த்துக்கொள்ள முடியும் என்றாலும் எழுதுங்கள். தொழிலில் ஏற்கெனவே இருக்கும் மாற்றுத்திறனாளி வழக்கறிஞர்களும் எழுதுங்கள். மாதத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமென்றால் போதும். வரும் பெயர்களை, இடம் கேட்கும் பிள்ளைகளோடு சேர்த்துவைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் மகள் மூன்றாம் வருஷம் போகும்போது எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள் அம்மா. அவள் போய்ச் சேர வேண்டிய அலுவலகத்தை அதற்குள் தேடி வைத்திருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்